கண்டெய்னர் கற்க வருகிறவர்கள் எங்கே தொடங்க வேண்டும்?

நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நீளமான இரும்புப் பெட்டி. உள்ளே இருப்பது துணியா, மோட்டார் உதிரிப் பாகமா என்று லாரி டிரைவருக்குத் தெரிய வேண்டியதில்லை. துறைமுகத்துக் கிரேனுக்கும் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவு சரியாக இருந்தால் போதும். கிரேன் தூக்கும், கப்பல் சுமக்கும்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே பெயரில் ஒரு பெட்டி இருக்கிறது. இது கண்ணுக்குத் தெரியாத பெட்டி. சரக்குக்குப் பதிலாகப் புரோகிராமைச் சுமக்கும் பெட்டி.

சாஃப்ட்வேர் வேலை தேடிப் போகிற வாலிபர்களிடம், "கண்டெய்னர் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? அன்று இரவே படிக்க உட்கார்ந்து விடுகிறார்கள். உட்கார்ந்த உடனே வருகிறது குழப்பம்!

டாக்கர் என்கிறார் ஒருவர். பாட்மேன் என்கிறார் இன்னொருவர். எல்.எக்ஸ்.சி.யில் தொடங்கினால்தான் அடிப்படை புரியும் என்கிறார் மூன்றாமவர். "இதெல்லாம் எதற்கு? நேராகக் குபர்னெட்டிஸ் படி, சம்பளம் அதில்தான் இருக்கிறது" என்கிறார் நான்காமவர்.

நான்கு பேரும் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனால் புதிதாக வருகிறவர் நான்கு வாசலில் ஒரே நேரத்தில் நுழைய முடியுமா?

இது சில்லறைக் கேள்வி அல்ல. பட்டம் வாங்கிய பிள்ளை எப்போது சம்பாதிப்பான் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். பயிற்சிக்குக் கட்டும் பணம் அப்பாவின் சேமிப்பிலிருந்து போகிறது. தவறான இடத்தில் தொடங்கி மூன்று மாதம் திண்டாடினால் பணமும் போகும், காலமும் போகும். அவற்றைவிடப் பெரியதொன்றும் போகும். "இந்த வித்தை நமக்கு வராது" என்று பிள்ளை முடிவு கட்டிவிடுவான். கோளாறு மூளையில் இல்லை, பாடத்தின் வரிசையில் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

ஆகவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். டாக்கரில் தொடங்குவதே நல்லது. அதுவும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில். குபர்னெட்டிஸ் பிறகு வரட்டும்.

ஏன்? காரணங்களைப் பார்ப்போம்.

பெட்டி வந்த கதை

முன்பெல்லாம் கப்பலில் சரக்கு ஏற்றுவது பெரும்பாடு. மூட்டை தனி, பீப்பாய் தனி, மரப்பெட்டி தனி. ஒவ்வொன்றையும் ஆட்கள் சுமந்து ஏற்ற வேண்டும். கப்பல் நாள்கணக்கில் துறைமுகத்திலேயே நிற்கும்.

அமெரிக்காவில் மால்கம் மக்ளீன் என்று ஒருவர் இருந்தார். லாரிக் கம்பெனி நடத்தியவர். சரக்கை ஒவ்வொன்றாக ஏற்றுவானேன், பெட்டியோடு தூக்கி வைத்தால் என்ன என்று யோசித்தார். 1956-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதில் 58 பெட்டிகள் இருந்தன. உலக வாணிபத்தையே மாற்றிய பயணம் அது.

பெட்டி மட்டும் போதவில்லை. எல்லாப் பெட்டியும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடும் பின்னால் வந்தது. அதன் பிறகுதான் எந்த நாட்டுப் பெட்டியையும் எந்த நாட்டுக் கிரேனும் தூக்க முடிந்தது. இந்த 'ஒரே அளவு' என்ற விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் உதவும்.

புரோகிராமுக்கு என்ன பெட்டி?

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. அவருடைய கம்ப்யூட்டரில் புரோகிராம் ஒழுங்காக ஓடும். நண்பருடைய கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது!

என்ன காரணம்? எந்தப் புரோகிராமும் தனியாக ஓடுவதில்லை. அதற்குத் துணையாகப் பல கோப்புகள் வேண்டும். பைத்தான் மொழியில் எழுதியது என்றால் பைத்தான் வேண்டும். அதுவும் குறிப்பிட்ட பதிப்பாக இருக்க வேண்டும். இங்கே ஒரு பதிப்பும் அங்கே வேறு பதிப்பும் இருந்தால் தகராறுதான்.

"என் மெஷினில் ஓடுகிறதே!" என்று இவர் சொல்வார். "இங்கே ஓடவில்லையே!" என்று அவர் சொல்வார். சாஃப்ட்வேர் ஆபீசுகளில் இந்த வாக்குவாதத்தில் வீணான மாலைப்பொழுதுகளுக்குக் கணக்கே இல்லை.

புரோகிராமையும் அதற்கு வேண்டிய துணைக் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டி ஒரே பெட்டியாக அனுப்பிவிட்டால்? அதுதான் கண்டெய்னர்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு முழுக் கம்ப்யூட்டரையே நடிக்க வைக்கும் முறையும் இருக்கிறது. அதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஒரு வீட்டுக்குள் தனிச் சமையலறை, தனிக் கிணறு, தனி வாசல் என்று இன்னொரு வீட்டையே கட்டுவது மாதிரி. கண்டெய்னர் அப்படி அல்ல. ஒரே வீட்டில் தனித்தனி அறை. கெர்னல் என்னும் அடித்தளம் எல்லோருக்கும் பொது. ஆனால் ஓர் அறையில் இருப்பவருக்கு அடுத்த அறை தெரியாது. ஆகவே கண்டெய்னர் எடை குறைவு. சில விநாடிகளில் எழுந்து நிற்கும்.

ஒரே நாளில் வந்ததல்ல

இந்த வித்தை திடீரென்று முளைக்கவில்லை. 1979-ல் யூனிக்ஸில் 'சி.எச்.ரூட்' என்ற கட்டளை வந்தது. ஒரு புரோகிராமுக்கு ஒரு கோப்புறையை மட்டும் காட்டி, "இதுதான் உலகம்" என்று நம்ப வைக்கும் கட்டளை அது. 2000-ல் ஃப்ரீ பி.எஸ்.டி.யில் 'ஜெயில்' வந்தது. பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

2006-ல் கூகுள் இன்ஜினீயர்கள் இன்னொரு வேலை தொடங்கினார்கள். ஒரு புரோகிராம் கூட்டத்துக்கு இவ்வளவு மெமரிதான், இவ்வளவு பிராசஸர் நேரம்தான் என்று ரேஷன் போடும் ஏற்பாடு அது. 2008-ல் அது லினக்ஸில் சேர்ந்தது. அதே 2008-ல் எல்.எக்ஸ்.சி. வந்தது.

அப்படியானால் 2008-லேயே கண்டெய்னர் இருந்ததா? இருந்தது. ஆனால் லினக்ஸின் உள்விவரம் அறிந்த நிபுணர்கள்தான் அதைக் கையாண்டார்கள். சாதாரண புரோகிராமர் பக்கத்தில் போகவில்லை.

2013 மார்ச்சில் கலிபோர்னியா மாநிலம் சான்டா கிளாராவில் பைத்தான் மாநாடு நடந்தது. சாலமன் ஹைக்ஸ் என்ற இளைஞர் மேடையேறினார். ஐந்து நிமிடப் பேச்சு. அதில் டாக்கர் என்ற கருவியைக் காட்டினார். அதன் பிறகு கண்டெய்னர் நிபுணர்களின் சொத்தாக இருக்கவில்லை.

ஆங்கிலத்தில் 'டாக்கர்' என்றால் துறைமுகத் தொழிலாளி. பொருத்தமான பெயர்தான்!

டாக்கர் செய்த காரியம்

டாக்கர் புதிதாகக் கெர்னல் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தொடக்கத்தில் அது எல்.எக்ஸ்.சி.யின் மேலேதான் ஓடியது. 2014-ல்தான் தனக்கென்று ஓர் அடிப்பகுதியை அமைத்துக்கொண்டது. அப்படியானால் அதன் பெருமை என்ன?

பெட்டி கட்டுவதை எளிதாக்கியதுதான் பெருமை. 'டாக்கர்ஃபைல்' என்று ஒரு சின்னக் கோப்பு. எந்த அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும், எந்தக் கோப்புகளை உள்ளே வைக்க வேண்டும், எதை நிறுவ வேண்டும், எதை ஓட்ட வேண்டும் என்று நாலைந்து வரி எழுதினால் போதும். சமையல் குறிப்பு மாதிரி. அந்தக் குறிப்பைப் பார்த்து யார் சமைத்தாலும் ஏறக்குறைய அதே குழம்பு!

அந்தக் குறிப்பிலிருந்து வருவது இமேஜ். அந்த இமேஜை ஓடவிட்டால் வருவது கண்டெய்னர். இமேஜ் அச்சு, கண்டெய்னர் அந்த அச்சில் வார்த்த பொம்மை. ஒரே அச்சில் பத்துப் பொம்மை வார்க்கலாம். ஒரு பொம்மை உடைந்தால் இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகப் படிக்கிறவர் இதை ஒரே மாலையில் கண்ணால் பார்த்துவிடலாம். தான் எழுதிய புரோகிராம் பெட்டிக்குள் போகிறது. நண்பனுடைய கம்ப்யூட்டரில் அதே பெட்டி ஓடுகிறது. முதல் நாளே கிடைக்கும் இந்தச் சந்தோஷம் லேசானதல்ல. அடுத்த நாளும் உட்கார்ந்து படிக்க வைப்பது அதுதான்.

குபர்னெட்டிஸ் கட்சி

"விளம்பரத்தில் குபர்னெட்டிஸ் என்றுதானே போடுகிறார்கள்? அதையே முதலில் படித்தால் என்ன?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலை கிடைப்பதற்குத்தானே படிப்பு?

ஆனால் குபர்னெட்டிஸ் எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 2014 ஜூனில் கூகுள் அதை உலகுக்கு அறிவித்தது. 2015 ஜூலையில் முதல் முழுப் பதிப்பு வந்தது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். கப்பலோட்டி!

பத்துக் கம்ப்யூட்டர்கள், நூறு கம்ப்யூட்டர்கள். அவற்றில் ஆயிரக்கணக்கான கண்டெய்னர்கள். எந்தப் பெட்டி எந்த இயந்திரத்தில் ஓட வேண்டும்? ஓர் இயந்திரம் படுத்துவிட்டால் அதிலிருந்த வேலையை எங்கே ஓடவிட வேண்டும்? கூட்டம் அதிகமானால் எத்தனை பெட்டி கூட்ட வேண்டும்? இவற்றைக் கவனிப்பதுதான் குபர்னெட்டிஸின் உத்தியோகம்.

ஒரு பெட்டிகூடக் கட்டத் தெரியாதவருக்கு இந்தக் கேள்விகளே எழாது. கேள்வி எழாத இடத்தில் பதிலை மனப்பாடம் செய்து என்ன பயன்? பாட், நோடு, சர்வீஸ், டிப்ளாய்மென்ட், இன்கிரெஸ் என்று வரிசையாகப் புதுச் சொற்கள் வரும். எதற்கு எது என்று தெரியாமல் மற்றவர் எழுதிய கோப்பைப் பார்த்து அப்படியே எழுதுவார். பிழை வந்தால், பெட்டியில் பிழையா, கப்பலில் பிழையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எலி வேட்டைக்குத் தவில் எதற்கு?

இன்னொன்றும் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரில் குபர்னெட்டிஸ் பழகுவதற்கென்றே 'கைண்ட்' என்று ஒரு கருவி இருக்கிறது. 'டாக்கருக்குள் குபர்னெட்டிஸ்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. கப்பலைப் பழகவே பெட்டி தேவைப்படுகிறது!

நேர்முகத் தேர்விலும் இது வெளியே வந்துவிடும். "உன் கண்டெய்னர் எழுந்ததும் விழுகிறது. எங்கே பார்ப்பாய்?" என்று கேட்டால், பெட்டியைத் திறந்து பார்த்தவன் பதில் சொல்வான். சொற்களை மட்டும் மனப்பாடம் செய்தவன் விழிப்பான்.

பாட்மேன் கட்சி

பாட்மேன் கட்சியின் வாதம் இதைவிடப் பலமானது.

பாட்மேன் ரெட் ஹாட் கம்பெனியில் உருவான கருவி. 2019 ஜனவரியில் அதன் 1.0 பதிப்பு வந்தது. டாக்கரில், பின்னணியில் எப்போதும் விழித்திருக்கும் ஒரு காவல்காரப் புரோகிராம் உண்டு. லினக்ஸில் அது வழக்கமாக 'ரூட்' அதிகாரத்தோடு ஓடுகிறது. ரூட் என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் சர்வாதிகாரி. அந்தக் காவல்காரனிடம் பேச உரிமை பெற்ற யாரும் அந்தச் சர்வாதிகாரத்தையே பெற்ற மாதிரிதான். பாட்மேனில் அந்தக் காவல்காரன் இல்லை. சாதாரண உபயோகிப்பாளரின் அதிகாரத்திலேயே பெட்டி ஓடும்.

பாதுகாப்புக்கு இது நல்லது என்பதில் ஐயமில்லை. டாக்கரிலும் ரூட் இல்லாமல் ஓட்டும் வழி பின்னால் வந்துவிட்டது. ஆனால் அதை நாமாகத்தான் தேடி அமைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பாட்மேனிலேயே தொடங்கலாமே? தொடங்கலாம். தவறு இல்லை. ஆனாலும் டாக்கரை முன்னால் வைக்க ஒரு காரணம் உண்டு. புதிதாகப் படிக்கிறவருக்கு ஆயிரம் சந்தேகம் வரும். பாடப் புத்தகம், வகுப்பு, பக்கத்து சீட்டு நண்பர் என்று எங்கே கேட்டாலும் பதில் பெரும்பாலும் டாக்கர் பாஷையில்தான் இருக்கும். தொடக்கத்தில் வழித்துணைதான் முக்கியம்.

கட்டளைகளும் கிட்டத்தட்ட ஒன்றேதான். 'டாக்கர் ரன்' என்று எழுதுகிற இடத்தில் 'பாட்மேன் ரன்' என்று எழுதினால் பெரும்பாலான வேலை நடக்கும். டாக்கரில் ஒரு மாதம் பழகியவர் பாட்மேனுக்கு ஒரே வாரத்தில் மாறிவிடலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ரெட் ஹாட் லினக்ஸ்தான் என்றால் பாட்மேனிலேயே தொடங்குவது புத்திசாலித்தனம். 2019-ல் வந்த அதன் 8-ம் பதிப்பிலிருந்து டாக்கரை எடுத்துவிட்டுப் பாட்மேனைத்தான் கொடுக்கிறார்கள்.

எல்.எக்ஸ்.சி.? முழு லினக்ஸ் அமைப்பையே ஒரு பெட்டியில் வைத்து நிர்வாகம் செய்கிறவர்களுக்கு அது நல்ல கருவி. புரோகிராமைக் கட்டி அனுப்ப நினைக்கிறவருக்கு அது முதல் பாடம் அல்ல.

"டாக்கர் செத்துவிட்டதாமே!"

2020 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. குபர்னெட்டிஸ் டாக்கரைக் கைவிடப் போகிறது என்றார்கள். படித்துக்கொண்டிருந்தவர்கள் பதறிப்போனார்கள். படித்ததெல்லாம் வீணா?

இல்லை. குபர்னெட்டிஸுக்கும் டாக்கருக்கும் நடுவில் இருந்த ஓர் இணைப்புத் துண்டுக்குத்தான் விடை கொடுத்தார்கள். 2022 மே மாதம் வந்த 1.24 பதிப்பில் அது நீக்கப்பட்டது. டாக்கரில் கட்டிய பெட்டிகள் முன்போலவே குபர்னெட்டிஸில் ஓடுகின்றன.

எப்படி? இங்கேதான் 'ஒரே அளவு' வருகிறது. 2015 ஜூனில் டாக்கரும் மற்றக் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தின. இமேஜ் எப்படி இருக்க வேண்டும், அதை எப்படி ஓட்ட வேண்டும் என்று அது பொது விதி வகுத்தது. அந்த விதிப்படி கட்டிய பெட்டியை டாக்கரும் ஓட்டும், பாட்மேனும் ஓட்டும், குபர்னெட்டிஸும் ஏற்றிச் செல்லும்.

ஆகவே முதல் கருவியைத் தேர்ந்தெடுப்பது கல்யாணம் அல்ல. சைக்கிள் பழகுவது மாதிரி. எந்தக் கம்பெனி சைக்கிளில் பழகினாலும் பழகியது மறக்காது.

காசு விஷயம்

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. லினக்ஸில் டாக்கர் இன்ஜின் இலவசம். பாட்மேனும் இலவசம். விண்டோஸிலும் மாக்கிலும் 'டாக்கர் டெஸ்க்டாப்' என்பதைப் போட்டுக்கொள்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அதன் விதி மாறியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனி, அல்லது ஆண்டு வருமானம் 1 கோடி டாலருக்கு மேல் உள்ள கம்பெனி அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். சொந்தமாகப் படிக்கிறவர் கட்ட வேண்டியதில்லை.

ஆகவே கருவிக்கு என்று யாராவது மாணவரிடம் பணம் கேட்டால், எதற்கு என்று கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு.

என்ன வரிசை?

முதலில் லினக்ஸ் கட்டளைகள் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கோப்புறைக்குள் போவது, கோப்பைப் படிப்பது, எந்தப் புரோகிராம் ஓடுகிறது என்று பார்ப்பது. இது இல்லாமல் கண்டெய்னருக்குள் நுழைந்தால் இருட்டறைதான்.

அடுத்தது, மற்றவர் கட்டிய பெட்டியை ஓட்டிப் பார்ப்பது. ஓடவிடுவது, நிறுத்துவது, அது எழுதும் குறிப்பேட்டைப் படிப்பது, உள்ளே நுழைந்து பார்ப்பது.

மூன்றாவது, சொந்தப் பெட்டி. சின்னப் புரோகிராம் ஒன்றுக்கு டாக்கர்ஃபைல் எழுதிக் கட்டுவது.

நான்காவது பாடம் பலரை அழ வைத்த பாடம். கண்டெய்னரை நீக்கினால் அதற்குள் எழுதிய தகவலும் போய்விடும்! தகவலைப் பெட்டிக்கு வெளியே 'வால்யூம்' என்ற இடத்தில் வைக்கத் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் கணக்கை இழந்த பிறகு இதைக் கற்றுக்கொள்வதைவிட, வீட்டில் பொம்மைக் கணக்கை இழந்து கற்றுக்கொள்வது மேல்.

ஐந்தாவது, இரண்டு பெட்டிகளை ஒன்றோடொன்று பேச வைப்பது. ஒன்றில் இணையதளம், மற்றொன்றில் தகவல் களஞ்சியம். 'கம்போஸ்' என்ற வசதி இதற்கு இருக்கிறது.

ஆறாவது, அதே பெட்டியை எடுத்துப் பாட்மேனில் ஓட்டுவது. எது டாக்கரின் பழக்கம், எது எல்லோருக்கும் பொதுவான விஷயம் என்று அப்போது தெளிவாகிவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, "இந்தக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் என் புரோகிராம் என்ன ஆகும்?" என்ற கேள்வி தானாக மனதில் எழும். குபர்னெட்டிஸ் புத்தகத்தைத் திறக்க வேண்டிய நாள் அதுதான். அப்போது பாட், நோடு, சர்வீஸ் எல்லாம் பயமுறுத்தாது. தேடிக்கொண்டிருந்த பதில்களாகத் தெரியும்.

பயிற்சி நிலையம் நடத்துகிறவர்களும் இந்த வரிசையை மனதில் கொள்ள வேண்டும். விளம்பரப் பலகையில் குபர்னெட்டிஸ் என்று பெரிதாகப் போட்டால் கூட்டம் சேரும். உண்மைதான். ஆனால் முதல் வாரத்திலேயே பிள்ளைகளை நடுக்கடலில் தள்ளிவிட்டு, நீந்தவில்லையே என்று குறை சொல்வது தர்மம் அல்ல.

பணம் கட்டும் முன்பு பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கலாம்: "முதல் வாரத்தில் என் சொந்தப் புரோகிராமை நானே பெட்டி கட்டுவேனா?" ஆமாம் என்று பதில் வந்தால் சேரலாம். பதில் சுற்றி வளைத்து வந்தால், வீட்டுக்கு வந்து சொந்தக் கம்ப்யூட்டரில் 'டாக்கர் ரன் ஹலோ-வேர்ல்டு' என்று எழுதித் தொடங்கிவிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.